இன்ஜின் போச்சு என்று சொல்லுமுன்...

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, டெல்டா பக்கம் வாரக்கணக்கில் கேட்ட சத்தம் மரம் அறுக்கும் மெஷின் சத்தம். விழுந்து கிடந்த தென்னைகளை அறுத்து ஒதுக்கினால்தான் பாதையே திறந்தது. புயல் இல்லாத நாளிலும் இந்த மெஷினை வைத்துக் கூலிக்கு மரம் அறுப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களுக்கு அதுதான் முதல், அதுதான் சோறு.

அப்படி ஒருவரின் மெஷின் ஒருநாள் பாதி மரத்தில் நின்றுவிடுகிறது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் பிளக்கைக்கூடக் கழற்றாமல் சொல்கிறார்: "சீஸ் ஆயிடுச்சுண்ணே. இன்ஜின் போச்சு. புதுசு வாங்கிடுங்க."

இது அவசரத் தீர்ப்பு. போனது பெரும்பாலும் பிஸ்டன்தான். சிலிண்டர் பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

எப்படி? இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். தனி ஆயில் தொட்டி கிடையாது, பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுற்றும் இன்ஜினில் அந்த ஆயில் குறைந்தால், சூட்டில் அலுமினிய பிஸ்டன் விரிந்து, உரசி, சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சிலிண்டரும் அலுமினியம்தான். ஆனால் அதன் உள்சுவரில் நிக்கல்-சிலிக்கன் கார்பைடு அல்லது குரோமியம் பூச்சு இருக்கிறது, பிஸ்டனைவிடப் பல மடங்கு கடினமானது. அதனால் சுவரில் தெரியும் கோடுகள் எல்லாம் சிலிண்டரின் காயம் அல்ல. பல நேரம் அது அப்பிக்கிடக்கும் பிஸ்டனின் அலுமினியம்!

இங்கே பழைய பைக் அனுபவம் கைகொடுக்காது. ஆர்எக்ஸ் 100 காலத்து இரும்பு ஸ்லீவில் போர் போட்டு, பெரிய பிஸ்டன் மாட்டலாம். பூச்சுள்ள சிலிண்டரில் போர் போட்டால் பூச்சே போய்விடும்.

செய்ய வேண்டியது வேறு. முதலில் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக பிஸ்டனைப் பார்க்க வேண்டும். அப்புறம் சிலிண்டரைக் கழற்றி, அலுமினியம் அப்பிய இடத்தில் மட்டும் பஞ்சுக்குச்சியால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தொட்டு வைக்க வேண்டும். அலுமினியம் நுரைத்துக் கரையும், நிக்கல் பூச்சு தாங்கும். குரோமியம் பூச்சு என்றால் ஆசிட் கூடவே கூடாது, அது குரோமியத்தையும் தின்னும். அதற்கு எமரி ஷீட்தான். நுரை நின்றதும் கழுவி, துடைத்து, மறுபடி. கடைசியில் மெல்லிய எமரி ஷீட்டால் ஒரு தேய்ப்பு. பிறகு நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்துப் பார்க்கலாம். வழுக்கிக்கொண்டு போனால் சிலிண்டர் பிழைத்தது. நகம் பள்ளத்தில் மாட்டினாலோ, பூச்சு உரிந்திருந்தாலோ விட்டுவிட வேண்டியதுதான்.

கவனம்... கையுறை, கண்ணாடி, திறந்தவெளி மூன்றும் கட்டாயம். ஆசிட் போர்ட் ஓரத்தில் வழிந்தால் பூச்சில்லாத அலுமினியத்தையும் தின்னும். நுரையில் வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி பற்றவைக்கும் அண்ணன்கள் கொஞ்சம் தள்ளி நிற்கவும் :)

ஆனால் பலரும் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில். சிலிண்டரைச் சுத்தம் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் மாட்டி, ஏன் சீஸ் ஆனது என்று கேட்காமலே ஓட்டினால் புது பிஸ்டனும் அதே கதிதான். பழைய பிஸ்டனே சாட்சி சொல்லும். சுற்றிலும் கோடு என்றால் ஆயில் கலக்கவில்லை. சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் அதிகச் சூடு. கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது ஆயில் சீல் வழியே காற்று புகுகிறது. கார்புரேட்டர் பக்கம் என்றால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. 50-க்கு 1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். கண்ணளவில் ஊற்றுவது கணக்கல்ல.

இன்னொன்று, இந்தியாவில் 2025-ல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பல மெஷின் கம்பெனிகளின் கையேடு 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதிகம் இழுத்தால் தண்ணீரோடு பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும், ஆயிலோ மேலே பெட்ரோலோடு இருந்துவிடும். இன்ஜின் குடிப்பது அடியில் இருப்பதை! மாதக்கணக்கில் கிடந்த கலவையை ஊற்றக்கூடாது என்பது இதனால்தான்.

சரி, கணக்கு என்ன சொல்கிறது? காமர்ஸில் ஆரம்பத்திலேயே வரும் பாடம்: போன பணத்தை வைத்து முடிவெடுக்காதே, இனிப் போகப்போவதைப் பார். மெஷின் வாங்கிய விலை முடிந்த கதை. ஒரு பக்கம் பிஸ்டன், ரிங், சீல், கூலி. மறுபக்கம் புது மெஷின். இரண்டிலும் வேலையில்லாமல் போகும் நாட்களைச் சேர்க்க வேண்டும். விலை குறைந்த மெஷினுக்கு சிலிண்டர் செட்டே மலிவாகக் கிடைத்தால் ஆசிட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். கிராங்க் பேரிங்கும் போயிருந்தால் யோசிக்கத்தான் வேண்டும். நல்ல மெஷினில் சிலிண்டர்தான் விலை கூடிய பாகம். அதைப் பார்க்காமலே தூக்கிப்போடுவது, கணக்குப் போடாமலே நஷ்டம் எழுதுவது.

புதுசு வாங்குவது தவறில்லை. ஆனால் நாலு போல்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் ஒருவரின் பிழைப்புக்குக் "போச்சு" என்று தீர்ப்பு எழுதலாமா? கூலிக்காரர் கடன் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சைலன்சரைக் கழற்றிப் பார்த்தீங்களாண்ணே?"