கேமரா ஏறிய வள்ளம்

தூத்துக்குடிப் பக்கத்துக் கடலைத் தமிழ் சினிமா பெரும்பாலும் கரையில் நின்றுதான் பார்த்தது. 'நீர்ப்பறவை' (2012), 'கடல்' (2013) இரண்டுக்கும் மணப்பாடு வேண்டியிருந்தது. மணல், தேவாலயம், கண்ணீர். வலையில் சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றும் அலுப்பான வேலைக்கு எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார்? அதை இன்று 'தூத்துக்குடி மீனவன்', பக்கத்து மாவட்டத்து 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற யூடியூப் சேனல்கள் காட்டுகின்றன. குழம்பு படகிலேயே கொதிக்கிறது. மீனின் பெயர் ஊர் வழக்கில் வருகிறது. காற்றின் இரைச்சலை யாரும் டப்பிங்கில் துடைப்பதில்லை. இதே தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். முத்துக் குளித்தவர்கள் கையில் அந்தக் காலத்திலேயே இப்படியொரு கேமரா இருந்திருக்கக் கூடாதா? அவர்களின் தொழிலைப் பற்றி அறிய ஆங்கிலேயர் காலத்து ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற மீன்வளத் துறை அதிகாரிகளின் அறிக்கைகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் கேமரா கைமாறியதாலேயே கதையும் முழுக்கக் கைமாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. முகப்புப் படத்துக்கு ராட்சத மீன் வேண்டும், வாய் பிளந்த முகம் வேண்டும். டீசல் காசுகூடத் தேறாத நாளுக்கு அங்கே இடம் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்; அல்காரிதத்துக்கோ தடைக்காலமே கிடையாது. எதையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் சினிமாவா, இந்த வீடியோக்களா என்றால் எனக்கு இவைதான். மீன் படாத நாளையும் முழுசாகப் போடுங்கள் அண்ணே, ஓட்டிவிடாமல் பார்க்கிறேன்.