‘மாதிரி’ என்ற சொல்லின் இரு முகங்கள்

தமிழில் ‘மாதிரி’ என்ற சொல் இரண்டு பொருள் தரும். ‘அவனை மாதிரி’ என்றால் ஒப்புமை. ‘மண் மாதிரி’ என்றால் சோதனைக்கு எடுத்த கூறு. நச்சியல் ஆய்வுக்கூடங்கள் குரங்கை ‘விலங்கு மாதிரி’ என்றழைக்கையில் இவ்விரு பொருள்களையும் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. முடிவை நம்பவைக்க வேண்டுமா? குரங்கு நம்மைப் போன்றது. கூண்டிலடைத்து நஞ்சூட்ட வேண்டுமா? அது வெறும் சோதனைப் பொருள். ஒரே உயிரிடம் இரண்டையும் கோருவது அறிவியல் அன்று, சொற்புரட்டு.

அந்த ஒப்புமைதான் எவ்வளவு உறுதியானது? 2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டிஜிஎன்1412 என்னும் மருந்து ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தப்பட்டது. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் 500இல் ஒரு பங்கே அது. ஆறு பேரும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குச் சென்றனர். மனிதரின் குறிப்பிட்ட நோயெதிர்ப்பு அணுக்களில் இருக்கும் ஒரு புரதம் அக்குரங்குகளின் அதே அணுக்களில் இல்லை என்பது பின்னரே விளங்கிற்று.

‘தாலிடோமைடை மறந்தீரா? எலி காட்டாததைக் குரங்கு காட்டியதே’ என்பர். மறக்கவில்லை. 1957இல் அது விற்பனைக்கு வந்தபோது கருவுற்ற விலங்குகளில் போதிய சோதனையே நடக்கவில்லை. பிற்பாடு முயலும் அத்தீங்கைக் காட்டிற்று. அன்று இல்லாமற்போனது குரங்கு அன்று, கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அமெரிக்க ராணுவக் கதிரியக்கச் சோதனைகளில் நம் குரங்குகள் மாண்ட செய்தி வெளியானபின், 1978இல் இந்தியா குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியது. 2023இல் இலங்கை ஒரு லட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்ப எண்ணி, எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. ஆய்வுக்கூடங்களுக்கே அவை போய்ச்சேரும் என்பதே எதிர்த்தோரின் அச்சம்.

சூரியநெல்லியிலிருந்து இதை எழுதக் காரணம் உண்டு. இங்கே ஏலத்தோட்டங்களில் பூச்சிக்கொல்லியின் பெயர் ‘மருந்து’. கூண்டு விலங்குக்கு ஒரு நேரத்தில் ஒரு வேதிப்பொருள், அளந்த அளவில். மருந்தடிக்கும் தொழிலாளிக்கோ பல மருந்துகள், நனைந்த சட்டை வழியே, ஆண்டுக்கணக்கில். எந்தக் கூண்டு இதற்கு மாதிரி? காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின்மீது 2000ஆம் ஆண்டுவரை இருபதாண்டுகளுக்கும் மேலாக வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அது அரசின் அனுமதி பெற்ற பொருள்தான். அதன் கேட்டை உலகுக்குக் காட்டியவர்கள் அவ்வூர் மக்கள். உச்ச நீதிமன்றத் தடை 2011இல்தான் வந்தது. அதுவரை சோதனை விலங்காய் இருந்தவர் யார்?

ஆகவே ஆய்வாளத் தோழர்களே, கூண்டை ஒழிப்பதும் தோட்டத்தைக் கவனிப்பதும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள். விலங்கில்லாச் சோதனைகளுக்கு 2023ஆம் ஆண்டின் விதித்திருத்தம் இந்தியாவில் வழி திறந்துவிட்டது. மனித உயிரணு வளர்ப்புக்கும் உறுப்புச் சில்லுகளுக்கும் நிதி ஒதுக்குங்கள். நடந்து முடிந்த குரங்குச் சோதனைகளின் முடிவுகளை, தோற்றவை உட்பட, வெளியிடுங்கள். மருந்தடிப்போருக்குக் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனையை முறையாக நடத்தி, முடிவை அவர்கள் கையிலேயே, அவர்கள் மொழியிலேயே கொடுங்கள். மனிதருக்கு நேரும் கேட்டை அறிய மனிதரைக் கவனிப்பதைவிட நல்ல மாதிரி வேறில்லை.