பாதிரியாரிடம் பெற்ற பள்ளியும் துரையிடம் விட்ட பள்ளியும்

இலங்கையின் கல்வி வரலாற்றில் 1960, 1961 ஆம் ஆண்டுகளைப் பற்றிப் பேசப்புகுவோர் இரு பாசறையினராகப் பிரிந்து நிற்பதே வழக்கம். மிஷன் பாடசாலைகளை அரசு சுவீகரித்தமையே கல்வித்தரம் வீழ்ந்தமைக்கு மூலகாரணம் என்பர் ஒரு சாரார். மதபீடத்தின் பிடியிலிருந்து கல்வி விடுதலை பெற்ற பொன்னாள் அதுவே என்பர் மறுசாரார். திம்புள்ளைப் பள்ளத்தாக்கின் லயங்களிலிருந்து நோக்குமிடத்து, இவ்விரு கூற்றுக்களும் ஒரே குறைபாட்டினை உடையன என்பது புலனாகும். இரண்டிலும் தோட்டத்துப் பிள்ளை இல்லை.

புகையிரதப் பாதை 1884 இல் ஹற்றனையும், 1885 இல் நானு ஓயாவையும் எட்டியது. அப்பாதையை அண்டியே ஹற்றனும் தலவாக்கலையும் நகரங்களாய் வளர்ந்தன. கடைவீதி வந்தது, தபாற்கந்தோர் வந்தது, கோயிலும் தேவாலயமும் வந்தன. தேவாலய வளவிலே பங்குக் குருவின் மேற்பார்வையில் ஆரம்பப் பாடசாலையும் எழுந்தது. அப்பாடசாலை ஆற்றிய பணியைச் சிறுமைப்படுத்துவது நன்றிகொன்ற செயலாகும். அங்கு ஆசிரியர் நாள்தோறும் இருந்தார். வகுப்புக்கு வகுப்பு வேறுபட்ட பாடம் நடந்தது. ஐந்தாம் வகுப்போடு கல்வி முற்றுப்பெறாது, மேலே செல்ல ஒரு படி இருந்தது. புனித ஜோன் பொஸ்கோ, புனித கபிரியேல் என்னும் பெயர்களை ஹற்றன் மக்கள் இன்றும் மதிப்போடு உச்சரிப்பது வீண் பழக்கத்தினால் அன்று.

ஆயினும் அவ்வளவுக்குள் பெரும்பாலும் நுழைந்தோர் யாவர்? வர்த்தகரின் பிள்ளைகள், கந்தோர் உத்தியோகத்தரின் பிள்ளைகள், பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை ஆகியோரின் பிள்ளைகள். கொழுந்து பறிப்பவளின் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு அதே தேவாலயப் படியேறியிருக்கலாம். திங்கட்கிழமை அதன் அருகிலிருந்த வகுப்பறைக்கு வருதல் அதற்கு அரிதாயிற்று. அதன் பள்ளி மலைக்கு மேலே, பிரட்டுக்களத்திற்கு அப்பால் இருந்தது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத்துரையின் பொறுப்பாக்கிற்று. பிள்ளை எவ்வளவு குறைவாகக் கற்கிறதோ அவ்வளவுக்கு இலாபமடையும் ஒருவரிடமே அதன் கல்வி ஒப்படைக்கப்பட்டது! ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள்: தோட்டப் பள்ளியின் இலக்கணம் இதுவே. 1945 இல் இலவசக் கல்வி வந்த பின்னரும் இந்த இலக்கணம் மாறவில்லை.

இத்தகைய நிலையிற்றான் 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் நிர்வாகத்தை அரசின் கைக்கு மாற்றிற்று. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் சொத்துக்களையும் அரசுடைமையாக்க வழிசெய்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளை ஆக்கிரமித்து மறியல் செய்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் சமரசம் பேச வந்தார். நாடே கொந்தளித்தது. தனியார் நலனைவிடப் பிள்ளையின் கல்வியே பெரிதென அன்று அரசு முழங்கிற்று.

நல்லது. அந்த முழக்கம் திம்புள்ளையின் தோட்ட எல்லையில் ஏன் வாய்மூடிற்று? பங்குக் குருவிடமிருந்து பள்ளியைப் பெற்ற அதே அரசு, ஒரு கட்டை தூரத்திலிருந்த துரையின் பள்ளியைப் பத்தாண்டுக்கு மேலாகத் தொடாதிருந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் கைமாறிய அக்காலத்தை ஒட்டியே பெரும்பாலான தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசிடம் வந்தன. தோட்டப் பள்ளி தோட்டத்தின் சொத்து, அதனைத் தொடுதல் இயலாதென்பார் உளர். தேவாலய வளவு மட்டும் யாருடைய சொத்தாக இருந்தது? சொத்துரிமை அன்று தடையாக இருக்கவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949 இல் வாக்குரிமை பறிக்கப்பட்டமையுமே உண்மைக் காரணம். வாக்கில்லாதவனின் பிள்ளைக்காக எந்த நாடாளுமன்றமும் நித்திரை விழிப்பதில்லை. அப்பிள்ளைக்காக மறியல் செய்தவரும் இலர். கடல் கடந்து வந்த கர்தினாலும் இலர்.

இது பழங்கதையன்று. நகரத்து அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தரத்திற்குப் பிள்ளையைச் சேர்க்க முனையும் தோட்டத் தந்தை இன்று சந்திப்பது அதே மதிலைத்தான். அருகில் வசிப்போருக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் வதிவிடத்தை நிறுவுவதற்குக் காணி உறுதி பெருந்துணை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லய அறைக்கு உறுதி எங்கே? பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. தந்தையையும் பாட்டனையும் தோட்டப் பள்ளியோடு நிறுத்திவிட்ட குடும்பத்தில் பழைய மாணவர் எங்கிருந்து வருவார்? அன்று வழக்கமாயிருந்த விலக்கு இன்று சுற்றுநிருபமாயிற்று. நியாயத்தின் உடையணிந்து வருவதால் அதன் கொடுமை குறைந்துவிடாது.

ஆகவே, பள்ளிகளைத் திருச்சபையிடம் மீள ஒப்படைத்தால் பொற்காலம் திரும்புமென ஏங்குவோர் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அப்பொற்காலம் சிலருக்கே பொன்னாயிருந்தது. அரசுடைமையே விடுதலையெனப் பெருமிதங்கொள்வோரும், எந்தப் பிள்ளை விடுதலை பெற்றதென விடையிறுத்தல் வேண்டும். பெயர்ப்பலகையில் புனிதர் இருக்கிறாரா, அரச இலச்சினை இருக்கிறதா என்பது வினாவன்று. மழைக்காலத்து மூடுபனியில் மலையேறி ஆசிரியர் வருகிறாரா, வந்தவர் தங்குவதற்கு ஒரு விடுதி உண்டா, ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் உண்டா என்பனவே வினாக்கள்.

பங்குப் பள்ளியின் சிறப்பு சிலுவையிலிருந்து பிறந்ததன்று. ஆசிரியர் பிள்ளையின் அருகில் வாழ்ந்தமையிலிருந்து பிறந்தது. அந்த அருகாமையை லயத்திற்கும் வழங்குக. லய அறைக்கு உறுதியும், உறுதி வரும்வரை தோட்டப் பதிவினையே வதிவிடச் சான்றாக முழுப் புள்ளியுடன் ஏற்கும் விதியும் வழங்குக. அதுவரை 1961 ஐப் போற்றுவோரும் தூற்றுவோரும் நகரத்து மதிலுக்கு உள்ளே நின்றே வாதிடுகின்றனர். மதிலுக்கு வெளியே, கொழுந்துக் கூடையைச் சுமந்த தாயின் கையைப் பிடித்தபடி, அப்பிள்ளை இன்னமும் காத்து நிற்கிறது.