மாடி பஸ் போயிற்று; நம் வாசல் நிறுத்தமாவது நிலைக்குமா?

நமது சங்கக் கூட்டங்களில் பேச்சு ஜி.எஸ்.டி.யில் தொடங்கினாலும், பிளாஸ்டிக் பை அபராதத்தில் தொடங்கினாலும், தொழில் உரிமக் கட்டணத்தில் தொடங்கினாலும், கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். “கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை, அதனால் வியாபாரம் இல்லை.” இதைச் சொல்லாத உறுப்பினர் இல்லை, இதற்காக மனுக் கொடுக்காத ஆண்டும் இல்லை. ஆனால் “நம் கடைத்தெருவுக்குப் பஸ் சரியாக வருவதில்லை” என்று எழுந்து சொன்னவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அதற்குச் சென்னையில் ஓடி மறைந்த மாடி பஸ்களின் கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இளைய உறுப்பினர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொது வண்டி சென்னைக்குப் புதிதல்ல. 1895-லேயே மின்சார டிராம் ஓடிய ஊர் இது. இந்தியாவில் முதலில் ஓடியது இங்கேதான். மயிலாப்பூர் வரை வந்த அந்த டிராம், நடத்திய கம்பெனி நொடித்துப் போனதால் 1953 ஏப்ரல் மாதத்தோடு நின்றது. அதன் பிறகு முழுப் பாரமும் பஸ்மீது விழுந்தது. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. ஜனங்கள் டபுள் டெக்கர் என்று சொன்ன மாடி பஸ்கள் 1970-களில் நம் சாலைகளில் ஓடின. பிறகு நிறுத்தினார்கள். 1990-களின் பிற்பகுதியில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். 2008-ஐ ஒட்டி அவையும் அன்றாடத் தடங்களிலிருந்து மறைந்தன.

பலருக்கு நினைவிருக்கும் தடம் 18ஏ. பாரிமுனையிலிருந்து அண்ணா சாலை வழியாக சைதாப்பேட்டை, கிண்டி, பல்லாவரம் கடந்து தாம்பரம் போகும். சிறுபிள்ளைகள் மேல்மாடியின் முன் இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள். அது பிள்ளைகள் சமாசாரம். வியாபாரிக்கு அந்தத் தடம் வேறு கணக்கு. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர்கள் காலையில் கடையை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு 18ஏ பிடித்துப் பாரிமுனை மண்டித் தெருக்களுக்கு வருவார்கள். துவரம்பருப்பு, மிளகாய், மல்லி, புளி என்று நாலு மண்டியில் விலை கேட்டு, மாதிரிப் பொட்டலங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மூட்டையை லாரி செட்டில் ஏற்றச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவார்கள். கார் வைத்திருந்த வியாபாரி அன்று எத்தனை பேர்? ஸ்கூட்டர் இருந்தாலே பெரிய காரியம். நாலு மண்டி ஏறி இறங்கி விலை கேட்கும் வலிமையை அந்தச் சிறு கடைக்காரருக்குக் கொடுத்தது பஸ்தான். அது இல்லாதவர், வீட்டு வாசலுக்கு வரும் ஏஜெண்டு சொன்ன விலைக்கு எடுத்தார்.

மாடி பஸ்ஸை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இரண்டு தளம் என்றால் பொதுவாக இரண்டு கண்டக்டர் வேண்டும். ஏறி இறங்க நேரம் பிடிக்கும். சுமார் பதினைந்தடி உயர வண்டி மரக்கிளையிலும் கேபிள் வயரிலும் இடிக்காமல் போக வேண்டும், தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடத்தில் அதை நினைத்தே பார்க்க முடியாது. வண்டிக்கு வயதாகும், உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாகும். இவை எல்லாம் உண்மையான சங்கடங்கள். நாம் கடை நடத்துகிறவர்கள். நஷ்டக் கணக்கு நமக்குப் புரியாததல்ல.

ஆனால் இதே சங்கடங்கள் மும்பைக்கும் இருந்தன. அங்கே பெஸ்ட் நிறுவனம் 1937-ல் மாடி பஸ்ஸைத் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் சுமார் 900 மாடி பஸ்கள் அந்த ஊரில் ஓடின. பிறகு அங்கும் எண்ணிக்கை தேய்ந்தது. கடைசி டீசல் மாடி பஸ் 2023 செப்டம்பர் 15 அன்று பூவும் பலூனும் கட்டிக்கொண்டு ஓடி ஓய்ந்தது. ஜனங்கள் கூடி நின்று வழியனுப்பினார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய வண்டி போவதற்கு ஏழு மாதம் முன்பே, 2023 பிப்ரவரியில், குளிர்சாதன வசதியுள்ள மின்சார மாடி பஸ்ஸை அங்கே சாலையில் இறக்கிவிட்டார்கள். கடையில் பழைய வேலையாள் ஓய்வு பெறுமுன் புதியவரைச் சேர்த்துப் பழக்குவது போல. நம் ஊரில் ஆள் போனார், இடம் காலியாகவே கிடந்தது.

வேடிக்கை இத்துடன் நிற்கவில்லை. அசோக் லேலண்ட் நம் எண்ணூர்க் கம்பெனி. ‘டைட்டன்’ என்ற பெயரில் 1967-லேயே மாடி பஸ் செய்யத் தொடங்கியது. இப்போது மும்பையில் ஓடும் மின்சார மாடி பஸ்ஸைச் செய்திருக்கும் ஸ்விட்ச் மொபிலிட்டியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம் கொல்லையில் காய்த்த முருங்கைக்காய் அடுத்த வீட்டு சாம்பாரில் மணக்கிறது.

சிங்கப்பூருக்குப் போய்வந்த உறுப்பினர்கள் தேக்கா பக்கம் சிராங்கூன் சாலையைப் பார்த்திருப்பார்கள். நம் தமிழ் மளிகைக் கடைகளும் நகைக் கடைகளும் வரிசையாக இருக்கும் அந்தச் சாலையில் மாடி பஸ்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அந்த ஊரில் அவை 1977 முதல் ஓடுகின்றன. வண்டி நிறுத்த இடம் அங்கும் கஷ்டம்தான். கூட்டத்துக்குக் குறைவில்லை.

இனி நம் கணக்குக்கு வருவோம். ஒரு பஸ் நிற்கும் நீளத்தில் ஏறக்குறைய மூன்று கார் நிற்கலாம். மூன்று காரில் வருகிறவர்கள் ஆறேழு பேர். அவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் எங்கேயோ போய் வருவார்கள். சாதாரண பஸ்ஸில் ஐம்பது இருக்கை, மாடி பஸ்ஸில் எழுபது, நின்றுகொண்டு வருகிறவர்கள் தனி. அந்த பஸ் அரை நிமிடம் நின்று, பத்துப் பேரை இறக்கிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு இடம் விட்டுப் போய்விடும். எந்த வண்டிக்கு நம் கடை வாசலைக் கொடுப்பது லாபம்? தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு காருக்கும் இடமில்லை. மாம்பலம் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் கொண்டுவந்து கொட்டும் ஜனத்தை வைத்தே அங்கே வியாபாரம் நடக்கிறது. அந்தக் கூட்டம் நடந்து போவதற்காகவே ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை கட்டி 2023 மே மாதம் திறந்தார்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறோம். கார் நிறுத்தும் இடம்தான் வியாபாரத்தைத் தீர்மானிக்கும் என்று நாமே சொல்லிக்கொண்டு திரிந்தால், வெல்லப் போவது யார்? தரைக்கடியில் இரண்டு தளம் கார் நிறுத்தத்துக்கே ஒதுக்கிக் கட்டும் பெருங்கடைக்காரர். நம் பன்னிரண்டடி முகப்புக் கடைக்கு அந்தப் போட்டியில் இடமே கிடையாது. காரில் போகிறவர் அங்கே போவார். வீட்டை விட்டு நகராதவர் போனில் தட்டிப் பத்து நிமிடத்தில் வரவழைப்பார். நமக்கு மிஞ்சுவது நடந்து வருகிறவர்களும், பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களும். அவர்களை வரவழைக்கும் வழியைக் கேட்காமல், அடுத்தவன் வாடிக்கையாளருக்கு வழி கேட்டு நாம் மனுப் போடுகிறோம்.

தென்சென்னையில் ஒரு கடைத்தெரு, பெயர் வேண்டாம். நிறுத்தத்தில் நிற்கும் கூட்டம் கடைப் பலகையை மறைக்கிறது, வெற்றிலை துப்புகிறார்கள், படியில் உட்காருகிறார்கள் என்று சொல்லி, நிறுத்தத்தை மாற்றும்படி சில கடைக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். வெற்றியும் பெற்றார்கள். நிறுத்தம் நாலு கட்டிடம் தள்ளிப் போனது. வாசல் காலியானது ஒரே வாரம்தான். பிறகு அங்கே பைக்கும் காரும் நின்றன. அவை அந்தக் கடைகளுக்கு வந்தவை அல்ல. எதிரிலிருந்த கல்யாண மண்டபத்துக்கும் டாக்டர் கிளினிக்குக்கும் வந்தவை. மாலை ஆறு முதல் எட்டரை வரை நடந்த சில்லறை வியாபாரம் இருக்கிறதே, அரைக் கிலோ ரவை, கால் லிட்டர் நல்லெண்ணெய், பிள்ளைக்கு பிஸ்கட், அது முழுக்க நிறுத்தத்தைத் தொடர்ந்து நாலு கட்டிடம் தள்ளிப் போனது. அங்கே ஒரு புதுக் கடை வந்தது. பழைய கடைக்கும் புதுக் கடைக்கும் சரக்குப் போடுகிறவர்கள் நாம்தான். இரண்டே ஆண்டில் இவர் எடுக்கும் மூட்டை குறைந்து அவர் எடுப்பது கூடியதை நம் சிட்டைப் புத்தகம் காட்டுகிறது. பழையவர் இப்போதும் பார்க்கிங் இல்லாததுதான் காரணம் என்கிறார்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதை அரசியலாகப் பேசுகிறவர்கள் பேசட்டும். மளிகைக்காரர் கண்ணால் பார்க்க வேண்டும். அடையாறிலும் பெசன்ட் நகரிலும் வீட்டு வேலை முடித்துக் கண்ணகி நகருக்கு பஸ் ஏறும் தாய்மார்கள், போகும் வழியில் இரவுச் சமையலுக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். டிக்கெட்டுக்குப் போன காசு பருப்புக்கும் எண்ணெய்க்கும் வருகிறது. குடும்பத்துக்கு மளிகை வாங்குகிறவர் பெரும்பாலும் பெண். அவருக்குப் போக்குவரத்துச் செலவே இல்லை என்றால், அவர் எந்த நிறுத்தத்தில் இறங்கவும் தயார். இதைவிட நல்ல வாய்ப்பு வியாபாரிக்கு ஏது? பஸ் மட்டும் நேரத்துக்கு வரவேண்டும். முக்கால் மணி நேரம் காத்திருந்தவர், வந்த வண்டியில் முண்டியடித்து ஏறத்தான் பார்ப்பார். உங்கள் கடைக்குள் வரமாட்டார்.

மாடி பஸ்ஸே வேண்டும் என்று நாம் அடம்பிடிக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதானால் விடட்டும், கடற்கரையைப் பார்த்துக்கொண்டு போகலாம். லஸ் முனைக்கும் மாட வீதிப் பக்கத்துக்கும் அதைவிடத் தாழ்தள பஸ் பொருத்தம். 2024 ஆகஸ்ட் முதல் மாநகர் போக்குவரத்துக் கழகம் அவற்றை விட்டு வருகிறது. 2025 ஜூன் முதல் மின்சார பஸ்களும் வருகின்றன. கையில் பத்துக் கிலோ பையுடன் முழங்கால் வலிக்காரர் ஏறி இறங்க அதுதான் தோது. மயிலாப்பூரில் பாதி வாடிக்கையாளருக்கு முழங்கால் வலி.

அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிக்காக லஸ், மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி.நகர் பனகல் பூங்கா என்று நம் கடைத்தெருக்கள் எல்லாவற்றிலும் தோண்டினார்கள். 21ஜி, 29சி, 12பி, 5பி என்று நம் வாடிக்கையாளரைக் கொண்டுவந்த தடங்கள் சுற்றிப் போயின. நிறுத்தங்கள் இடம் மாறின. மெட்ரோ வந்தால் கூட்டம் வரும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். வரட்டும். ஆனால் சுரங்க நிலையத்திலிருந்து மேலே வருகிறவர் எந்த வாசலில் வெளிவருகிறாரோ அந்த நூறு கெஜத்துக்குத்தான் அந்தக் கூட்டம். மற்ற கடைகளுக்கு பஸ்தான். சாலையை மூடிச் சமன் செய்யும்போது பழைய நிறுத்தம் பழைய இடத்துக்கு வருமா, அந்த இடம் கட்டண பார்க்கிங் ஆகுமா என்பது நாம் இப்போது கேட்பதைப் பொறுத்தது. கோடு போட்ட பிறகு கேட்டால், மாடி பஸ்ஸைக் கேட்காமல் விட்டது போலத்தான்.

நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். நிறுத்தத்தில் லாரியை நிறுத்தி மூட்டை இறக்கிவிட்டு பஸ் வரவில்லை என்றால் எப்படி? காலை எட்டு மணிக்குள் பெரிய வண்டிச் சரக்கை இறக்கிவிடுவது, பிறகு வருவதைக் குட்டி யானையில் பக்கத்துச் சந்து வழியாக எடுப்பது என்று மொத்த வியாபாரிகள் நாமே முடிவு செய்துகொள்ளலாம். நம் கிடங்கில் அப்படித்தான் நடக்கிறது. கூலி கொஞ்சம் கூடுதல். ஆனால் டிராபிக் போலீஸாரிடம் அழும் தண்டம் மிச்சம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். ஏதாவது ஒரு வேலை நாளில், மாலை ஆறு முதல் எட்டு வரை, உங்கள் கடைக்குப் பக்கத்து நிறுத்தத்தில் எத்தனை பஸ் நின்றது, எந்தெந்த நம்பர், இறங்கியவர் ஏறத்தாழ எத்தனை பேர் என்று பையனை விட்டு எண்ணச் சொல்லி ஒரு தாளில் எழுதுங்கள். நிறுத்தம் முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே என்பதையும் குறியுங்கள். அதே இரண்டு மணி நேரத்தில் உங்கள் கடைக்குக் காரில் வந்தவர் எத்தனை பேர் என்பதைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். செயலாளரிடம் சேர்த்துக் கொடுத்தால், மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் மாநகராட்சிக்கும் ஒரே மனுவாகக் கொண்டுபோக நாம் உடன் வருகிறோம்.