பொன்னாடை வேண்டாம், பேர் போடுங்கள்!



வீரச் செயல் புரிந்தவர்களையும் சமூக சேவை செய்தவர்களையும் பாராட்டி விழா எடுக்க வேண்டும் என்று நம் பகுதியில் மறுபடியும் பேச்சு அடிபடுகிறது. மண்டபம் பார்த்தாயிற்று. பொன்னாடைக்கு விலை கேட்டாயிற்று. பெயர்ப்பட்டியலை எனக்கும் காட்டினார்கள். முதல் பக்கத்தில் ஓர் அரசியல்வாதி, அவருடைய இணைப்பாளர், இரண்டு கடை முதலாளிமார், ஓய்வு பெற்ற ஒரு பெரிய துரை, நான்கு சமாதான நீதவான்கள். மலையில் கொழுந்து எடுக்கிற ஒருவருடைய பெயரும் இல்லை. கேட்டேன். "அவங்க கடைசிப் பக்கத்தில இருக்காங்க டீச்சர், நேரம் இருந்தா மேடைக்குக் கூப்பிடுவோம்" என்றார்கள்.

நேரம் இருந்தால்! லயத்துக்கு மேலே மண் சரிந்தபோது அந்தக் கடைசிப் பக்கத்து ஆட்கள் நேரம் பார்த்தா ஓடினார்கள்?

நம் ஊரில் யாருக்கு மரியாதை என்பதைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. அப்புத்தளை டவுனில் இருந்து தம்பேத்தன்னை பஸ்ஸில் ஏறி, தொழிற்சாலையடியில் இறங்கி, மேலே நடந்தால் லிப்டன் சீட். 1890இல் இந்த மலைகளை வாங்கிய தோமஸ் லிப்டன் அங்கே கையில் தேநீர்க் கோப்பையோடு சிலையாக உட்கார்ந்திருக்கிறார். சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடிக்கிறார்கள். அவர் உட்கார்ந்து பார்த்த மலைக்குப் பேர் உண்டு. அந்த மலையில் கான் வெட்டியவருக்கும், கல்லடுக்கு வைத்தவருக்கும், கொழுந்துக் கூடை சுமந்து செத்தவருக்கும் அங்கே ஒரு பலகைகூடக் கிடையாது. போகும் வழியில் கொழுந்தெடுக்கும் நம் பெண்களையும் அதே பயணிகள் படம் பிடிக்கிறார்கள். பேர் கேட்பதில்லை. லிப்டனைத் திட்டி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் நாமும் அதே பழக்கத்தைப் பழகிக்கொண்டோமே, அதுதான் என் கோபம்.

மீரியபெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி வாக்கில் கொஸ்லந்தைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் மலை இறங்கியது. லயங்கள், கோயில், கடை எல்லாம் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது தாய் தகப்பன் இல்லை. பலருடைய உடல் இன்றுவரை அந்த மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. அன்று இராணுவமும் இயந்திரமும் வந்தது உண்மை. அவர்கள் பாடுபட்டதும் உண்மை. ஆனால் அவர்கள் வந்து சேருவதற்கு முன் அந்த ஈர மண்ணில் இறங்கியது யார்? மேலே இன்னும் மலை நின்றது, அதுவும் எந்த நிமிஷமும் இறங்கலாம். அது தெரிந்தே வெறுங்கையாலும் மண்வெட்டியாலும் தோண்டியது பக்கத்து லயத்து ஆட்கள்தான். அவர்களுடைய பெயர்கள் எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன? அமைச்சர்மார் வந்த திகதி எழுதியிருக்கிறது. நிவாரணம் கொடுத்தவர்களின் பதாகை இருக்கிறது. தோண்டியவர்களின் பட்டியல் அரசாங்கத்திடம் மட்டுமல்ல, தொழிற்சங்கங்களாகிய நம்மிடமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மலை திடீரென்று யாருக்கும் தெரியாமல் சரியவில்லை. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக் கடிதம் இருந்தது, மாற்று வீடு இல்லை. உயிர் பிழைத்தவர்கள் பாடசாலைகளிலும், பிறகு ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளும் கிடந்தார்கள். மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டபோது 2016 ஒக்டோபர் ஆகிவிட்டது. வெறும் 75 வீடு, அதற்கு இரண்டு வருஷம். அதைத் திறந்து வைக்கவும் ரிப்பனும் மாலையும் இருந்தன.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை 'வீரர்' என்று மேடையேற்றும்போது நாம் கவனமாக இருக்க வேண்டும். உரிய காலத்தில் வீடு கொடுத்திருந்தால் அந்த மனிதன் மண்ணில் இறங்கியிருக்கவே வேண்டியதில்லை. தோட்டத்து ரோடு ஒழுங்காக இருந்தால், பிரசவ வலி வந்த பெண்ணைக் கம்பளியில் கட்டி நான்கு பேர் தோளில் சுமந்து தார் ரோட்டுக்கு ஓட வேண்டியதில்லை. 1990 அம்புலன்ஸ் லயத்தடிக்கே வந்துவிடும். அந்த நான்கு பேருக்கும் பொன்னாடை போர்த்துகிற அதே கை ரோட்டுக்கு வந்த பணத்துக்குக் கணக்குச் சொல்லாமல் தப்பிக்கக் கூடாது. விழாவில் அந்த ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாதென்றால், அந்த விழா யாருக்காக?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இதையே இன்னும் பெரிதாகப் பார்த்தோம். நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பதுளை, நுவரெலியா, கண்டி மலைகளில் எத்தனையோ இடங்களில் சரிவு. ரோடு அறுந்தது, கரண்ட் போனது, போன் வேலை செய்யவில்லை. வெளியாட்கள் வந்து சேரும்வரை லயத்தை லயம்தான் காப்பாற்றியது. கிழவிகளை முதுகில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோன இளைஞர்கள் இருக்கிறார்கள். கையிலிருந்த மாவைக் கணக்குப் பார்க்காமல் ரொட்டி தட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். உங்கள் டிவிசனிலும் இருப்பார்கள். மழை விட்டதும் அவர்கள் மறுபடி மலைக்குப் போய்விட்டார்கள். பேஸ்புக்கில் படம் போட்டவர்கள் வேறு ஆட்கள்.

இனி 'பேர்' விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் பேர் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். செக்ரோலில் ஒரு நாள் விழுந்தால் அது ஒரு பேர். கிலோ குறைந்தால் அரைப் பேர். அதாவது நம் பெயரும் நம் கூலியும் இங்கே ஒரே சொல். நான் படிப்பிக்கிற பக்கத்தில் ஒரு தோட்டம். மலையில் குளவி கலைந்தது. எல்லாரும் ஓடியபோது வயதான ஒரு அம்மா கானுக்குள் விழுந்துவிட்டார். முப்பது வயதுப் பெண் ஒருத்தி திரும்பி ஓடிப்போய், இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து அந்த அம்மா மேல் போட்டு மூடி, அவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். திரும்பி ஓடியவள் மூன்று நாள் வைத்தியசாலையில். சம்பளத் துண்டு வந்தபோது பார்த்தால் குளவி கொட்டிய நாளுக்கு அரைப் பேர், மற்ற நாட்களுக்கு ஒன்றுமில்லை. "உன்னை யார் திரும்பிப் போகச் சொன்னது?" என்று ஆபீசில் கேட்டார்களாம்.

தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டில் இருந்து இந்த நாட்டில் இருக்கிறது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு என்பது அதன் அடிப்படை. சக தொழிலாளியைக் காப்பாற்றப் போய் அடிபட்டால் அது வேலையா, சொந்த விருப்பமா என்று இழுத்தடிக்க இந்த வார்த்தைகளிலேயே இடம் தேடுவார்கள். இந்த இழுபறிக்கு முடிவு கட்டுவதுதான் சங்கம் செய்யக்கூடிய பெரிய மரியாதை. ஆபத்தில் ஒருவரைக் காப்பாற்றப் போன நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். அடிபட்டால் அது வேலை விபத்து என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இந்த இரண்டு வரியும் ஆயிரம் பொன்னாடைக்குச் சமம்.

இது நடக்காத காரியமா? கடல் கடந்து ஓர் உதாரணம். 1904 ஜனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹார்விக் என்ற நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 179 பேர் இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற உள்ளே போன இரண்டு பேரும் இறந்தார்கள். அதைப் பார்த்து அன்ட்ரூ கார்னகி என்ற பெரும் பணக்காரர் அதே ஆண்டில் வீரர்களுக்கென்று ஒரு நிதியம் ஆரம்பித்தார். பதக்கத்தோடு நிற்கவில்லை. காப்பாற்றப் போய் இறந்தவரின் குடும்பத்துக்கும், உடல் முடமானவருக்கும் பண உதவி என்று எழுதி வைத்தார். அந்த நிதியம் இன்றும் நடக்கிறது. கார்னகியை நான் புகழவில்லை. 1892இல் ஹோம்ஸ்டெட்டில் அவருடைய இரும்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கியோடு கூலிப்படை இறக்கப்பட்டது. அப்படிப்பட்ட முதலாளிக்கே, பதக்கத்தால் அடுப்பெரியாது என்று விளங்கியிருக்கிறது. நமக்கு விளங்க வேண்டாமா?

நம் நாட்டிலும் வீரச் செயலுக்கென்றே 'வீர சூடாமணி', 'வீர பிரதாப' என்று அரச கௌரவங்கள் உண்டு. உங்கள் டிவிசனில் இருந்து யாருக்காவது சிபாரிசுக் கடிதம் எழுதியதாகக் கேள்விப்பட்டதுண்டா? அந்தக் கடிதம் எழுத வேண்டிய நாம், காசுக்குப் பட்டம் விற்கிறவர்களின் பின்னால் நிற்கிறோம். (கடிதத் தலைப்பில் இடம் போதாத அளவுக்குப் பட்டம் அச்சடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய சேவை என்னவென்று அவருடைய லயத்திலேயே ஒருவருக்கும் தெரியாது.)

சங்கத்துக்குள்ளேயும் பார்ப்போம். 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் சூட்டில் விழுந்த கோவிந்தனை நாம் முதல் தியாகி என்கிறோம். அதே ஆண்டில் பதுளை வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிவு செய்து, துரை அதோடு பேசித்தான் தோட்டத்தை நடத்த வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவந்தார்கள். நம் ஊவா மண்ணில் நடந்தது இது. என் வகுப்பில் 10ஆம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன், கோவிந்தன் யார் என்று. சினிமா நடிகரா டீச்சர் என்றான் ஒருவன். அவன்மேல் பிழையில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் பலகையோ புத்தகமோ நாம் வைக்கவில்லை. லிப்டனை மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"பாவம், ஒரு நாள் சந்தோஷம், அதையும் கெடுக்கிறீர்களே டீச்சர்" என்று ஒரு தலைவர் என்னிடம் வருத்தப்பட்டார். மாலையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைக் காம்பரா ஆயம்மா ஒருவருக்கு ஊர் கூடி மாலை போட்டால் அவர் அழுதுவிடுவார், நானும் அழுவேன். ஆனால் அந்த ஆயம்மாவை மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து, பெரியவர்கள் பேசி முடிந்த பிறகு, கரண்ட் கட்டாகும் நேரத்தில் கூப்பிட்டு, அரை நிமிஷத்தில் படம் பிடித்து அனுப்புவதற்குப் பேர் பாராட்டு இல்லை. அன்றைக்கு அவர் லீவு போட்டு வந்ததில் போன கூலியை யார் கொடுத்தார்கள்?

ஆகையால் கிளைக் கமிட்டிகளுக்கு என் கோரிக்கை இது. இந்த முறை பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் இருந்து வாசியுங்கள். யாரைப் பாராட்டுவது என்பதை டிவிசன் கூட்டத்தில் பெண்களும் இளைஞர்களும் இருக்கும்போது முடிவு செய்யுங்கள். அமைச்சரோ துரையோ வந்தால் கீழே உட்கார்ந்து கை தட்டட்டும். பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒவ்வொரு டிவிசனுக்கும் கயிறு, டோர்ச், ஸ்ட்ரெச்சர், முதலுதவிப் பெட்டி வாங்குங்கள். மண்ணில் முதலில் இறங்குகிற ஆட்களுக்கு அதுதான் உதவும். ஒக்டோபர் 29ஐ ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் நினைவு நாளாக வைக்க நாங்கள் ஆசிரியர்கள் தயார். பிள்ளைகளுக்குச் சொல்லப் பெயர்கள்தான் வேண்டும்.

அந்தப் பெயர்களை நீங்கள்தான் தர வேண்டும். கொப்பித் தாளில் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். ஆளின் பெயர், தோட்டம், டிவிசன், என்ன செய்தார், எந்த நாள், யார் பார்த்தது, அன்றைக்குப் பேர் விழுந்ததா இல்லையா. சம்பள நாளில் சந்தா வாங்க வரும் தலைவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். வாங்க மறுத்தால் பாடசாலைக்கு அனுப்புங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.