ஊமையாக்கப்படும் தமிழெழுத்து!

கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலையுண்டு, நினைவிடமுண்டு. 1799-ஆம் ஆண்டு அக்தோபர் 16-ஆம் நாள் வெள்ளையன் அவனைத் தூக்கிலிட்ட ஊர் அது. மாலை சூட்ட வருவார்க்குக் குறைவில்லை. அவன் தம்பியை அங்கு நின்று எண்ணிப் பார்ப்பவர் எத்துணைப் பேர்?

குமாரசாமி என்னும் இயற்பெயர் மறைய, ஊமைத்துரை என்றே வரலாற்றில் நிலைத்தவன் அவன். பேச்சு வராதவன். கயத்தாற்றுக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கல் தொலைவிலுள்ள பாளையங்கோட்டைச் சிறையினின்று 1801 பிப்பிரவரியில் தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டவன். அவனை எதிர்த்து வந்த வெல்சு என்னும் ஆங்கிலப் படைத்தலைவனே வியந்து எழுதி வைத்திருக்கிறான்: இடக்கையில் சில துரும்புகளை அடுக்குவானாம், அவை வெள்ளையர் படை. மறுகையால் அவற்றைத் துடைத்தெறிந்து வாயால் ஓர் ஒலி எழுப்புவானாம். அதுவே தாக்குதலுக்கான ஆணை. படைஞர் அதனை விளங்கிக்கொண்டனர். எங்களைப்போல் வாய்திறந்து பேசினால்தான் கேட்போம் என்று அவர்கள் அடம்பிடிக்கவில்லை; அவன் மொழியை அவர்கள் கற்றுக்கொண்டனர்.

அதே மண்ணில் பிறந்து, பட்டம் பெறும் விழைவோடு கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் பார்வையற்ற பிள்ளைக்கு இன்றைய பல்கலைக்கழகங்கள் காட்டும் பரிவு எத்தகையது?

கணிப்பொறித் திரையிலுள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. திரைபடிப்பி என்பர். ஆத்திரேலியாவில் மைக்கேல் கரன், சேம்சு தே என்னும் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பி உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கிறது. அது தமிழும் படிக்கும். எனவே, பணமில்லை என்னும் பழைய பல்லவி இங்குச் செல்லாது.

படிக்கும் கருவி இருக்கிறது. படிக்கத்தக்க தமிழ்தான் இல்லை! பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஓர் அறிக்கை, காண்பவர் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. அதன்மேல் தமிழ் முகமூடி. ‘தமிழ்’ என்னும் சொல்லைப் பாமினியில் அடித்துவிட்டுத் திரைபடிப்பியைக் கேளுங்கள். ‘சே, கே, பி, ஓ’ என்று உளறும். தமிழின் பெயரையே தமிழாகச் சொல்ல முடியாத எழுத்தில்தான் நூல்களும் பாடக் குறிப்புகளும் இன்னும் அச்சாகிக் கொண்டிருக்கின்றன. வேறு சில இடங்களில் சுற்றறிக்கையை அச்சிட்டு, கையெழுத்திட்டு, அதனை ஒளிப்படமாக்கி வலைத்தளத்தில் ஏற்றுகின்றனர். படத்தில் எழுத்தே இல்லை. திரைபடிப்பி வாய்மூடி நிற்கும். தேர்வு நாள் மாறியதையும் கட்டணத்துக்குரிய கெடு முடிவதையும் பிறர் சொல்லித்தான் மாணவன் அறியவேண்டும். தமிழ் கற்பிக்கும் பார்வையற்ற பேராசிரியர், தமக்கு வந்த ஆணையைப் படித்துக் காட்டுமாறு தம் மாணவனையே வேண்டவேண்டும். இதைவிட இழிவு ஓர் ஆசிரியர்க்கு உண்டா?

இக்குழப்பத்திற்குத் தீர்வில்லாமலில்லை. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதில் நம் எழுத்தமைப்புக்கு முழு நயன்மை வழங்கப்படவில்லை என்னும் பூசல் வேறு, அது தொடரட்டும். ஆயினும் ‘அ’ என்றால் எந்நாட்டுக் கருவியிலும் ‘அ’ என்றே நிற்பது அதில்தான். 2010-இல் தமிழ்நாட்டரசும் அதனைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆணை ஏட்டில் இருக்கிறது. பாமினி மேசையில் இருக்கிறது.

இதன் விளைவை உணருங்கள். அதே மாணவன் ஆங்கில நூலைத் திறந்தால் கருவி தங்குதடையின்றிப் படிக்கிறது. தமிழ் நூலைத் திறந்தால் உளறுகிறது, அல்லது ஊமையாகிறது. அவன் எதை நாடுவான்? சட்டமின்றி, ஆணையின்றி, ஓசையின்றி நடக்கும் ஆங்கிலத் திணிப்பு இது. திணிப்பவன் தில்லியிலும் இல்லை, இலண்டனிலும் இல்லை. நம் அச்சகத்தில், நம் துறை அலுவலகத்தில், நம் பதிப்பகத்தில் அமர்ந்திருக்கிறான்.

தனித்தமிழ் அன்பர்களும் இக்குற்றத்தினின்று தப்ப முடியாது. ஒரு வடசொல் புகுந்தால் துடிக்கிறோம், சரியே. ஆனால் நம் பழைய இதழ்த் தொகுப்புகளை வலையேற்றும்போது பெரும்பாலும் வெறும் படங்களாகவே ஏற்றி மனநிறைவு கொள்கிறோம். எழுத்தென்பது ஒலி என்றன்றோ நம் இலக்கணம் தொடங்குகிறது! நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் ஒலி பிறக்கும் வகையைத் தொல்காப்பியம் தனி இயலாகவே வகுத்தது. அவ்வழி வந்தோர் ஒலியைக் கொன்று வடிவத்தைப் பாடம்பண்ணி வைக்கலாமா? பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் பள்ளி கண்டவர்கள் கடல்கடந்து வந்த கிறித்தவப் பெண்டிர். அயலார்க்கு இருந்த அக்கறை நமக்கு இல்லையென்றால் நாணுவதன்றி வேறென் செய்வது?

சட்டமோ தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு மற்றும் அரசுதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்கச் சொல்கிறது. மின்னணு ஊடகச் செய்திகள் அவர்கள் அணுகத்தக்க வடிவில் அமையவேண்டும் என்கிறது. அணுகுதரம் வெறும் பரிந்துரையாக இருத்தலாகாது, கட்டாயமாதல் வேண்டும் என 2024 நவம்பர் 8-இல் உச்ச வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. மின்னணு வழி அணுகுதல் வாழ்வுரிமையின் கூறே என்று 2025 ஏப்பிரல் 30-இல் மேலும் அறுதியிட்டது. பதிப்புரிமை தடுக்கிறது என்று பதிப்பகத்தார் கையை விரிப்பதும் பொய்ச்சாக்கே. பார்வையற்றோர்க்காக நூலை மாற்று வடிவில் ஆக்கிக்கொள்ள 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமே இசைவளித்துவிட்டது. மராக்கேசு உடன்படிக்கையை 2014-இல் உலகில் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலக்கம் பேர். சிறு கூட்டமா இது?

ஐயமுற்றோர் இன்றே தம் கல்லூரியின் வலைத்தளத்தைத் திறக்கட்டும். தமிழ் அறிக்கை ஒன்றிலிருந்து ஒரு சொல்லைப் படியெடுத்து வேறொரு தாளில் ஒட்டிப் பார்க்கட்டும். தமிழாகவே விழுந்தால் அது பேசும். ஆங்கிலக் கிறுக்கலாக விழுந்தால் பழைய எழுத்துரு. ஒன்றுமே விழாவிட்டால் படம். பேசாத அறிக்கை ஒவ்வொன்றையும் நாள் குறித்துப் பட்டியலிட்டு, மேற்சொன்ன சட்டத்தைச் சுட்டிப் பதிவாளர்க்கு விடுத்து மடல் எழுதுக. மறுமொழியை ஒருங்குறித் தமிழில் கேட்டு எழுதுக.