திருத்தணிக்கு ஈடாகப் போனதா திருப்பதி?

புது தில்லி: "குரோனாலஜி" என்ற சொல் தில்லி அரசியலில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 2019-ல். முதலில் குடியுரிமைச் சட்டத் திருத்தம், அடுத்து தேசிய குடிமக்கள் பதிவேடு என்ற வரிசையைப் புரிந்துகொள்ளுமாறு அப்போதைய பாஜக தலைவர் அமித் ஷா கூறியதே காரணம். வரப்போவதை அறிவிக்க அவர் அச்சொல்லைக் கையாண்டார். ஆனால், நடந்து முடிந்தவற்றைச் சரிபார்ப்பதே காலவரிசையின் முதன்மையான பயன். சித்தூர், திருப்பதி விவகாரம் இதற்குத் தக்க சான்று.

திருப்பதியைக் கொடுத்துத் திருத்தணியைப் பெற்றோம் என்ற பேச்சு தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் அக்கூற்று நிற்கவில்லை.

1911-ல் உருவான சித்தூர் மாவட்டத்தில் திருப்பதி, திருத்தணி இரண்டுமே இடம்பெற்றன. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. அதாவது, திருத்தணியும் அன்றே சென்னை மாநிலத்தை விட்டு அகன்றது. 1956 மாநிலச் சீரமைப்பிலும் இந்த எல்லை மாறவில்லை.

ம.பொ.சி. உள்ளிட்டோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், எச்.வி. படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு பரிந்துரை அளித்தார். அதன் அடிப்படையில் நாடாளுமன்றம் 1959-ல் இயற்றிய சட்டம், 1960 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டு பகுதிகள் தமிழகத்துக்குத் திரும்பின. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. ஆக, ஈடாகப் போனது சத்தியவேடு வட்டாரமே. திருப்பதி அதற்கு ஆறரை ஆண்டுகளுக்கு முன்பே ஆந்திரத்தில் இருந்தது. மீட்கக் கோரியும் கிடைக்கவில்லை.

இது வெறும் தேதிக் கணக்கு அன்று. பரிமாற்றம் என்று சொன்னால், பழி 1960-ல் ஆட்சியிலிருந்த காமராஜர் அரசின் மீது விழுகிறது. வரிசையைச் சரியாக வைத்தால், கேள்வி 1953-க்குத் திரும்புகிறது. மொழியின் பெயரால் மாநிலம் பிரித்தவர்கள், தமிழர் மிகுந்த கிராமங்களைத் தனியே பார்க்காமல் மாவட்டத்தை ஒட்டுமொத்தமாக ஒப்படைத்தது ஏன்? அதற்கான விடையைக் காலவரிசை தராது; யாரிடம் கேட்பது என்பதை மட்டுமே காட்டும்.

2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானது. சத்தியவேடும் அதில் சேர்ந்தது. மாவட்டம் பிரிக்க மாநில அரசின் ஆணையே போதும். மாநில எல்லையை மாற்றவோ, அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவின்படி நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டும். எல்லையைப் பற்றி மீண்டும் பேச விரும்புவோர், முதலில் ஆண்டுகளைச் சரியாகச் சொல்வது நல்லது. தவறான தேதியில் தொடங்கும் வழக்கு அவையில் எடுபடாது.